மேலே போகப் போகப் பெரிதாகும் ஜன்னல்கள்: ஹார்ட்விக் மாளிகையைப் படிப்பது எப்படி?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டார்பிஷயர் என்று ஒரு மாவட்டம். அங்கே ஒரு குன்றின் விளிம்பில் நிற்கிறது ஹார்ட்விக் ஹால். எம்1 நெடுஞ்சாலையில் போகிறவர்கள் காரில் இருந்தபடியே அதைப் பார்க்கலாம். முடிந்தால் அதன் முகப்புப் படம் ஒன்றைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையைப் படியுங்கள். பாதி விளக்கத்தைப் படமே சொல்லிவிடும்.

படத்தில் முதலில் கண்ணில் படுவது கண்ணாடி. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஜன்னல். 'ஹார்ட்விக் ஹால், சுவரைவிடக் கண்ணாடி அதிகம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எதுகையோடு ஒரு சொலவடையே உண்டு. சரி, இப்போது கண்ணைக் கீழிருந்து மேலே ஒவ்வொரு தளமாக நகர்த்துங்கள். தரைத்தளத்து ஜன்னல்கள் உயரம் குறைவானவை. முதல் தளத்தில் உயரம் கூடுகிறது. உச்சியில் இருக்கும் இரண்டாம் தளத்தில்தான் ஜன்னல்கள் ஓங்கி எழுகின்றன. கனமானது கீழே, லேசானது மேலே என்று பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஏன் இப்படிக் கட்டினார்கள்? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் ஹார்ட்விக் புரிந்துவிடும். அந்த நாட்டின் மற்ற பழைய மாளிகைகளையும் வெளியே நின்றே ஓரளவு படிக்கலாம்.

கோட்டையும் இல்லை, அரண்மனையும் இல்லை

ஆங்கிலத்தில் 'கன்ட்ரி ஹவுஸ்' என்று சொல்வதைக் கிராமத்து வீடு என்று எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும். ஏராளமான நிலம் வைத்திருந்த குடும்பம் அந்த நிலத்தின் நடுவே கட்டிக்கொண்ட மாளிகை அது. சுற்றியிருந்த பண்ணைகளில் இருந்து வந்த குத்தகைப் பணத்தில்தான் அது நின்றது. இதே குடும்பத்துக்குப் பெரும்பாலும் லண்டனிலும் ஒரு வீடு இருக்கும். ஆனால் செல்வாக்கு வேர்விட்டிருந்தது நிலத்தில். அந்த வட்டாரத்தில் யார் பெரியவர் என்பதை ஊருக்கே காட்டும் கட்டடம் இந்த மாளிகைதான்.

கோட்டைக்கும் இதற்கும் வித்தியாசம் ஜன்னலிலேயே தெரியும். கோட்டையின் வேலை எதிரியை வெளியே நிறுத்துவது. அதனால் அதன் சுவர் தடிமன், துவாரம் சிறிது. மாளிகையின் வேலை வருகிறவரை வியக்க வைப்பது. உள்நாட்டுச் சண்டைகள் ஓய்ந்து டியூடர் அரசர்கள் காலூன்றிய பிறகு, பணக்காரர்கள் தைரியமாகச் சுவரைத் திறக்க ஆரம்பித்தார்கள். 1536-க்கும் 1540-க்கும் இடையில் எட்டாம் ஹென்றி மடாலயங்களை மூடி அவற்றின் சொத்துகளை எடுத்துக்கொண்டார். அந்த நிலங்கள் பல கைகளுக்கு மாறின. அதில் புதிதாகப் பணக்காரர் ஆனவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் எலிசபெத் அரசி. 1558 முதல் 1603 வரை ஆண்டவர். கோடைக் காலத்தில் பரிவாரத்தோடு ஊர் ஊராகப் பயணம் போவார், போகும் வழியில் பிரபுக்களின் வீடுகளில் தங்குவார். அரசி ஒரு நாள் நம் வீட்டுக்கு வரலாம் என்ற எதிர்பார்ப்பிலேயே பர்லி, ஹோல்டன்பி, தியோபால்ட்ஸ் போன்ற பிரம்மாண்டமான மாளிகைகள் எழுந்தன. ஹார்ட்விக்கும் அந்த வரிசையில் வந்ததுதான்.

கட்டியவர் ஒரு பெண்

பெஸ் ஆஃப் ஹார்ட்விக் என்று ஊர் சொல்லும் எலிசபெத் ஹார்ட்விக், இதே குன்றின் மேல் இருந்த ஒரு நடுத்தர நிலக்கிழார் வீட்டில் 1520-களில் பிறந்தவர். நான்கு முறை மணந்தார், நான்கு முறையும் கணவரை இழந்தார். இரண்டாவது கணவர் வில்லியம் கேவன்டிஷ், மடாலயச் சொத்துகளைக் கையாண்ட அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவரோடு சேர்ந்துதான் பெஸ் அதே டார்பிஷயரில் சாட்ஸ்வொர்த் மாளிகையைக் கட்டினார். எட்டுக் குழந்தைகள் பிறந்தன, ஆறு பிழைத்தன. நான்காவது கணவர் ஷ்ரூஸ்பரி பிரபு, நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். ஸ்காட்லாந்தின் ராணி மேரியைக் காவலில் வைத்திருக்கும் பொறுப்பை 1569-இல் எலிசபெத் அரசி இவரிடம்தான் ஒப்படைத்தார். அது ஏறத்தாழ 15 ஆண்டுகள் நீண்டது. செலவும் சந்தேகமும் அந்த வீட்டுக்குள் புகுந்தன, கடைசியில் திருமணமும் முறிந்தது.

சாட்ஸ்வொர்த்தை விட்டு வெளியேறிய பெஸ், பிறந்த மண்ணுக்கே திரும்பினார். அங்கிருந்த பழைய வீட்டை 1587 முதல் விரித்துக் கட்டத் தொடங்கினார். அந்த வேலை முடிவதற்குள், 1590-இன் பிற்பகுதியில், சில எட்டு தள்ளியே இன்னொரு மாளிகைக்கு அஸ்திவாரம் போட்டார். அதே ஆண்டு நவம்பரில் ஷ்ரூஸ்பரி இறந்தார். விதவைக்கு வரவேண்டிய பங்கு சேர்ந்ததும் பெஸ் நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரானார். 1597 அக்டோபரில் புதிய வீட்டுக்குக் குடிபோனபோது அவருக்கு வயது 70 இருக்கும். இன்று இரண்டு ஹார்ட்விக்குகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பழையது கூரையில்லாத இடிபாடு, புதியது முழு வீடு.

இந்த மாளிகை எனக்குப் பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம் இவர்தான். கல் அவருடைய குன்றின் அடிவாரத்துக் குவாரியில் வெட்டியது. கண்ணாடி அவருடைய சொந்தக் கண்ணாடிப் பட்டறையில் காய்ச்சியது. ஈயமும் மரமும் அவருடைய நிலத்தில் இருந்து வந்தவை. கணக்குப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. வேலையாட்களுக்குக் கொடுத்த கூலியைச் சரிபார்த்து அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். கூரையைப் பாருங்கள். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் கல்லில் குடைந்த 'ஈ', 'எஸ்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், மேலே பிரபுக் குலத்துக் கிரீடம். எலிசபெத் ஷ்ரூஸ்பரி. பின்னால் வானம் மட்டும் இருப்பதால் தூரத்தில் வருகிறவருக்கும் அந்த எழுத்துகள் தெளிவாகத் தெரியும். திருமணமான பெண்ணின் சொத்து கணவனுடையது என்று சட்டம் சொன்ன காலம் அது. அப்போது ஒரு விதவை தன் பெயரின் முதல் எழுத்துகளை வானத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

கூடத்தைத் திருப்பிப் போட்டது

கட்டடக்கலையில் ஹார்ட்விக் செய்த பெரிய காரியம் என்ன என்று கேட்டால், கூடத்தைத் திருப்பிப் போட்டதுதான் என்பேன். இது புரிய வேண்டுமென்றால் அதற்கு முந்தைய வீடுகள் எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டும்.

இதே மாவட்டத்தில் ஹேடன் ஹால் என்ற பழைய வீடு இருக்கிறது. அதன் கூடம் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் காலத்து வீட்டில் எல்லாமே கூடத்தைச் சுற்றித்தான். எஜமானர், அவர் குடும்பம், வேலைக்காரர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழே சாப்பிட்டார்கள். கூடம் வீட்டின் நீளவாக்கில் படுத்திருக்கும். வாசல் அதன் ஒரு கோடியில். உள்ளே நுழைந்ததும் மரத்தடுப்புக்குப் பின்னால் ஒரு குறுக்கு வழி. அதன் ஒரு பக்கத்தில் சமையலறைக்கும், பீர் பீப்பாய் வைக்கும் அறைக்கும், ரொட்டி வைக்கும் அறைக்கும் போகும் கதவுகள். மறுபக்கம் கூடம். கூடத்தின் எதிர்க்கோடியில் தரை ஒரு படி உயர்ந்திருக்கும், எஜமானரின் மேசை அந்த மேடையில். வாசலில் இருந்து வரும் குளிர்காற்றும் சமையல் புகையும் எட்டாத கோடி அது.

இந்த அமைப்பு வெளியிலும் தெரியும். வாசல் ஒரு ஓரமாக இருக்கும், எஜமானர் உட்காரும் கோடியில் பெரிய ஜன்னல் இருக்கும். அதாவது வீட்டின் இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்கவே முடியாது.

16-ஆம் நூற்றாண்டுக்குள் பழக்கம் மாறிவிட்டது. எஜமானர்கள் கூடத்தை விட்டு மாடியில் இருந்த பெரிய அறைக்குச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். கீழே கூடத்தில் வேலைக்காரர்கள் சாப்பிட்டார்கள், வந்தவர்கள் காத்திருந்தார்கள். இதே காலத்தில் இத்தாலியில் இருந்து வந்த அச்சுப் புத்தகங்களைப் பார்த்து, வீட்டின் முகம் இருபுறமும் சமமாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் பரவியது. வாசல் நடுவில் வர வேண்டும், ஆனால் கூடமோ வாசலை ஓரத்துக்குத் தள்ளுகிறது. இந்த இரண்டுக்கும் ஒத்துவரவில்லை.

ஹார்ட்விக்கில் கூடத்தையே 90 பாகை திருப்பிவிட்டார்கள். நீளவாக்கில் படுத்திருந்தது, முன்வாசலில் இருந்து பின்பக்கம் வரை வீட்டின் நடுவே குறுக்காகப் பாய்கிறது. வாசல் நடுவில், கூடம் நடுவில், அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் மற்ற அறைகள். இப்படிச் செய்த முதல் சில ஆங்கில வீடுகளில் இதுவும் ஒன்று. பழைய வீட்டின் மரத்தடுப்பு இருந்த இடத்தில் இங்கே கல் தூண்களின் வரிசை நிற்கிறது. அதைத் தாண்டினால் இரண்டு தள உயரத்துக்கு எழும் கூடம். கணப்புக்கு (குளிர்காய நெருப்பு மூட்டும் சுவர் அடுப்பு) மேலே சுதையில் வடித்த ஹார்ட்விக் குலச்சின்னம், இருபுறமும் கலைமான்கள். பார்வைக்குப் பழைய கூடம் போலவே இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரி இங்கே சாப்பிடுவதில்லை. இனிமேல் இது ஒரு வாசல் அறை மட்டுமே. ஆங்கில வீடுகளில் கதவைத் திறந்ததும் வரும் நடையை இன்றும் 'ஹால்' என்று சொல்வது இந்த இறக்கத்தின் மிச்சம்.

படி ஏறுவதே மரியாதை

இப்போது ஜன்னல் கேள்விக்கு வரலாம். ஹார்ட்விக்கின் மூன்று தளங்களும் மூன்று வகை மனிதர்களுக்கு. தரைத்தளம் சமையலறைக்கும் வேலைக்காரர்களுக்கும். முதல் தளம் பெஸ் தினசரி வாழ்ந்த இடம், அவருடைய படுக்கையறையும் சாப்பாட்டு அறையும் அங்கேதான். இரண்டாம் தளம் விசேஷங்களுக்கும் உயர்ந்த விருந்தாளிக்கும், குறிப்பாக அரசிக்கும். தளம் ஏற ஏற அந்தஸ்து ஏறுகிறது, கூடவே கூரையின் உயரம் ஏறுகிறது, ஜன்னலும் ஏறுகிறது. அதனால்தான் உச்சியில் இருப்பது மிகப் பெரியதாக இருக்கிறது. வெளியே குன்றின் அடியில் நிற்கும் குத்தகைக்காரருக்குக்கூட, உள்ளே ஒரு நாளும் கால் வைக்காமலேயே, முக்கியமான அறைகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்திருக்கும்.

கூடத்தில் இருந்து மேலே போகும் கல்படிகள் நேராக ஏறிவிடுவதில்லை. வீட்டுக்குள்ளேயே நீளமாக வளைந்து, நின்று, திரும்பி, சில இடத்தில் நிழலிலும் சில இடத்தில் வெளிச்சத்திலுமாகப் போகின்றன. படிகள் அகலமானவை, உயரம் குறைந்தவை, கனமான பட்டு அங்கியோடு ஏறுவதற்கு ஏற்றவை. சமையலறை தரைத்தளத்தில், விருந்து நடப்பதோ இரண்டாம் தளத்தில். பெரிய விருந்து நாட்களில் உணவுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பணியாளர்கள் ஊர்வலமாகக் கூடத்தைக் கடந்து இந்தப் படிகளில்தான் ஏறினார்கள். சாப்பாடு ஆறிப்போயிருக்கும், ஆனாலும் அந்த ஊர்வலம் விருந்தின் ஒரு பகுதி.

படிகள் முடியும் இடத்தில் ஒரு கதவு. அதற்குப் பின்னால் இருக்கும் அறைக்கு 'ஹை கிரேட் சேம்பர்', உயர் பேரறை என்று சொல்லலாம். சுவரின் மேல்பாதியைச் சுற்றி, வண்ணம் பூசிய சுதைச் சிற்பங்களாக ஒரு காடு. அதில் வேட்டைத் தெய்வமான டயானா தன் தோழியரோடு அமர்ந்திருக்கிறாள், மான்கள் ஓடுகின்றன, வேடர்கள் துரத்துகிறார்கள். ஆபிரகாம் ஸ்மித் என்ற சுதைக் கலைஞரின் வேலை இது. மணமாகாத தெய்வமான டயானாவை மணமாகாத எலிசபெத்தோடு ஒப்பிடுவது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த புகழ்ச்சி. கணப்புக்கு மேலே அரசியின் சின்னமும் இருக்கிறது. காட்டுக்குக் கீழே, சுவரின் மற்ற பாதியில், பிரஸ்ஸல்ஸில் நெய்த சித்திரத் திரைச்சீலைகள், கிரேக்கப் புராண வீரன் யுலிஸஸின் கதை. பெஸ் இவற்றை வாங்கியது 1587-இல், அதாவது அஸ்திவாரம் போடுவதற்கும் முன்னால். அறையின் அளவையே இந்தச் சீலைகளைக் கணக்கில் வைத்துத்தான் தீர்மானித்தார்கள்.

இந்த அறையில் இருந்து அடுத்தது ஒதுங்கும் அறை, அதற்கு அடுத்தது படுக்கையறை. ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் ஆட்கள் குறைவார்கள். பேரறை வரை பலர் வரலாம், ஒதுங்கும் அறைக்குச் சிலர், படுக்கையறைக்கு மிக நெருங்கியவர்கள் மட்டும். எந்தக் கதவு வரை உங்களை விடுகிறார்கள் என்பதை வைத்து உங்கள் அந்தஸ்தைச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் ஒதுங்கும் அறைக்குப் பெயர் 'வித்டிராயிங் சேம்பர்'. அது தேய்ந்துதான் 'டிராயிங் ரூம்' ஆனது. படம் வரைவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அரசி வந்தாரா? வரவில்லை. பெஸ் குடிபோனபோது எலிசபெத்துக்கு 64 வயது. 1603-இல் அவர் இறந்தார், அதுவரை ஹார்ட்விக்கை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஆனால் பெஸ்ஸுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அவருடைய பேத்தி ஆர்பெல்லா ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின் ரத்தம், எலிசபெத்துக்குப் பிறகு அரியணைக்கு உரிமை கோரக்கூடியவர். பாட்டியின் கண்காணிப்பிலேயே அந்தப் பெண் இந்த வீட்டில் வாழ்ந்தார், தப்பிக்கவும் முயன்றார். 1615-இல் லண்டன் டவர் சிறையில் இறந்தார். அந்த அலங்கார அறைகளைப் பார்க்கும்போது எனக்கு வராத அரசியைவிட, வெளியே போக முடியாத இந்தப் பெண்தான் அதிகம் நினைவுக்கு வருகிறார்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தளத்தில் 'ஸ்காட்லாந்து ராணி மேரியின் அறை' என்ற பெயரில் ஓர் அறை இருக்கிறது. மேரி இங்கே சிறையிருந்தார் என்று நெடுங்காலம் பலர் நம்பினார்கள். ஆனால் மேரியின் தலை வெட்டப்பட்டது 1587-இல். இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் விழுந்ததே மூன்று ஆண்டுகள் கழித்துத்தான்.

பின்பக்கம் முழுவதும், வீட்டின் ஒரு முனையில் இருந்து மறு முனை வரை, 'லாங் கேலரி'. சுமார் 50 மீட்டர் நீளம். மழை நாளில் நடை பழகவும், பேசிக்கொண்டே உலாவவும், உறவினர்களும் அரசர்களுமாக ஓவியங்களைத் தொங்கவிடவும் கட்டிய இடம். அங்கிருந்து இன்னும் மேலே போகலாம். ஈயத்தகடு போட்ட மொட்டை மாடிக்கு ஏறி, கோபுரத்து அறையில் உட்கார்ந்து பழமும் இனிப்பும் சாப்பிடுவார்கள். அப்போது சர்க்கரை விலை உயர்ந்த பொருள். விருந்து முடிந்த பிறகு வரும் இந்த இனிப்புச் சுற்றுக்குத்தான் அன்று 'பாங்க்வெட்' என்று பெயர். தேர்ந்தெடுத்த சிலர் மட்டும், காலடியில் மொத்த எஸ்டேட்டையும் பார்த்துக்கொண்டு.

இவ்வளவு கண்ணாடியைத் தாங்குவது எது?

வெளிச்சுவரில் இத்தனை துவாரம் போட்டால் மூன்று தளத்தை எது தூக்கி நிறுத்தும்? விடை வீட்டுக்குள்ளே இருக்கிறது. அந்தக் காலத்து வீடுகளில் கணப்பும் புகைபோக்கியும் பெரும்பாலும் வெளிச்சுவரில் இருக்கும். ஹார்ட்விக்கில் புகைபோக்கிகளை உட்சுவர்களுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். கனமான உட்சுவர்கள் வீட்டின் முதுகெலும்பு போலச் சுமையை வாங்கிக்கொள்கின்றன. வெளிச்சுவருக்கு வேலை குறைந்ததால் அதைத் தாராளமாகத் திறக்க முடிந்தது. நீள்பக்கங்களில் இரண்டிரண்டு, குறுகிய பக்கங்களில் ஒவ்வொன்று என்று வெளியே துருத்தும் ஆறு கோபுரங்களும் சுவர்களுக்கு முட்டுக் கொடுக்கின்றன.

ஜன்னலை இன்னும் நெருங்கிப் பாருங்கள். ஒரே பெரிய கண்ணாடி எதுவும் கிடையாது, அவ்வளவு பெரிதாகச் செய்ய அப்போது வழியில்லை. கல்லால் ஆன நெடுஞ்சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் ஜன்னலைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் உள்ளங்கை அளவுச் சிறு சில்லுகளை ஈயப்பட்டையால் கோத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சில்லும் ஏதோ ஒரு கோணத்தில் லேசாகச் சாய்ந்திருக்கும். அதனால் மாலை வெயில் பட்டால் சுவர் முழுக்க ஒரே சீராக மின்னாமல், துண்டு துண்டாகத் தீப்பிடித்த மாதிரி ஜொலிக்கும்.

எல்லா ஜன்னல்களும் உண்மையானவை அல்ல. முகப்பு சமமாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில், சில ஜன்னல்களுக்குப் பின்னால் புகைபோக்கிதான் இருக்கிறது. சில ஜன்னல்களின் குறுக்கே தளம் போகிறது. வெளியே கண்ணாடி, உள்ளே சுவர். பழைய ஆங்கில வீடுகளில் அடைத்த ஜன்னலைக் கண்டால் 'ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது' என்று சொல்வது வழக்கம். அந்த வரி உண்மையிலேயே இருந்தது, 1696-இல் வந்து 1851-இல் போனது. ஆனால் ஹார்ட்விக் அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. இங்கே பொய் ஜன்னலுக்குக் காரணம் வரி அல்ல, அழகு.

குளிர்? இருந்தது. குன்றின் உச்சியில், வடக்கத்திக் காற்றில், இவ்வளவு மெல்லிய கண்ணாடிக்குப் பின்னால் வாழ்வது சுலபமில்லை. வீட்டில் இருந்த சாமான்களை எல்லாம் 1601-இல் ஒரு பட்டியலாக எழுதி வைத்தார்கள். அதில் பெஸ்ஸின் படுக்கையறைக்கு வந்தால் கம்பளியும் மெத்தைவிரிப்பும் திரையும் அடுக்கடுக்காக வருகின்றன. அறைக்குள் குளிர்காற்று நுழையும் ஒவ்வொரு வழியிலும் ஒரு துணி.

கொத்தர் வேலையில் இருந்து வந்த கலைஞர்

வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்ஸன் என்று கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள். அவர் படித்துப் பட்டம் பெற்றவர் அல்ல. கல் செதுக்கும் வேலையில் இருந்து மேலே வந்தவர். முதலில் லாங்லீட் மாளிகையில் வேலை பார்த்தார், பிறகு நாட்டிங்ஹாம் பக்கம் வாலட்டன் மாளிகையைக் கட்டினார். வாலட்டன் அலங்காரம் அப்பிய கட்டடம். ஹார்ட்விக்கில் அந்த அலங்காரம் எல்லாம் உதிர்ந்து, கல்லும் கண்ணாடியும் கன உருவங்களும் மட்டும் மிஞ்சுகின்றன. என் கண்ணுக்கு அவருடைய வேலைகளில் உச்சம் இதுதான். 1614-இல் இறந்த அவருடைய கல்லறையில் 'ஆர்க்கிடெக்டர்' என்ற சொல்லைப் பொறித்திருக்கிறார்கள். கட்டடத்தை வரைபவர் தனித் தொழில்காரர் என்ற எண்ணமே இங்கிலாந்தில் அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது.

மானுக்கு முளைத்த கொம்பு

லாங் கேலரியின் சுவரில் தொங்கும் திரைச்சீலைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பைபிளில் வரும் கிதியோனின் கதையைச் சொல்லும் 13 சீலைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 மீட்டர் உயரம். அரசியின் நெருங்கிய அமைச்சரான கிறிஸ்டோபர் ஹாட்டன் தன் ஹோல்டன்பி மாளிகைக்காக நெய்ய வைத்தவை. 1591-இல் கடனோடு அவர் இறந்ததும், வாரிசிடம் இருந்து 1592-இல் பெஸ் வாங்கினார். விலை 326 பவுண்டு 15 ஷில்லிங் 9 பென்ஸ். அதிலும் 5 பவுண்டு குறைத்து வாங்கினார். காரணம், சீலைகளில் ஹாட்டனின் குலச்சின்னம் நெய்திருந்தது, அதை மாற்றச் செலவாகும்.

மாற்றியவிதம்தான் அழகு. ஹாட்டனின் சின்னத்தின் மேல் தன் சின்னம் எழுதிய துணித்துண்டுகளை ஒட்ட வைத்தார். ஹாட்டனின் அடையாளம் பெண்மான். பெஸ்ஸின் குடும்பத்து அடையாளம் கலைமான். ஆகவே பெண்மானின் தலையில் கொம்பு மட்டும் சேர்த்தார்கள், வேலை முடிந்தது. நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர், ஆனாலும் ஒரு பவுண்டைக்கூட வீணாக விடவில்லை. இந்த 13 சீலைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, தைத்து, சரிசெய்து மறுபடி மாட்டி முடிக்க 24 ஆண்டுகள் ஆயின. கடைசிச் சீலை 2023-இல் சுவருக்குத் திரும்பியது.

மற்ற மாளிகைகளுக்கு இதே பாடம்

பெஸ் 1608 பிப்ரவரியில் இறந்தார். அவருடைய வம்சத்தார் பிற்பாடு டெவன்ஷயர் கோமகன்கள் ஆனார்கள். அவர்கள் சாட்ஸ்வொர்த்திலேயே குடியிருந்து, அதையே திரும்பத் திரும்ப மாற்றிக் கட்டினார்கள். ஹார்ட்விக் இரண்டாவது வீடாக ஒதுங்கியதால்தான் 1597-இல் இருந்த உடம்போடு பிழைத்தது. தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் இந்தக் குடும்பத்தோடு நெடுங்காலம் இருந்தவர், 1679-இல் அவர் இறந்தது இந்த வீட்டில்தான். 1959 முதல் இது, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கையில் இருக்கிறது.

இப்போது கற்றதை வைத்து வேறு வீடுகளைப் பாருங்கள். சாட்ஸ்வொர்த்தை 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் முதல் கோமகன் புதிதாக்கினார். அப்போதும் அரச விருந்தாளிகளுக்கான அறைகளை இரண்டாம் தளத்திலேயே வைத்தார், பெஸ் காலத்துப் பழக்கம் அது. 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த கெடல்ஸ்டன் ஹாலுக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது. இதுவும் டார்பிஷயர்தான். இங்கே கீழ்த்தளம் தாழ்வாக இருக்கிறது, வெளியே இருந்தே பெரிய படிக்கட்டு நேராக முதல் தளத்துக்கு ஏறுகிறது, உயரமான ஜன்னல்கள் அந்தத் தளத்தில். அதற்கு மேலே மறுபடி சின்ன ஜன்னல்கள். இத்தாலிய முறை அது, முக்கிய வாழ்க்கை ஒரு மாடி உயரத்தில். எந்த வீட்டின் முன்னால் நின்றாலும் உயரமான ஜன்னல் எந்தத் தளத்தில் என்று முதலில் தேடுங்கள். வாசல் நடுவிலா, ஓரத்திலா என்று அடுத்துப் பாருங்கள். புகைபோக்கி எங்கே எழுகிறது என்றும் பாருங்கள். கூடம் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, சிறந்த அறைகள் எங்கே, கணப்புகள் எந்தச் சுவரில் என்பதெல்லாம் உள்ளே போகாமலே பிடிபடும்.

ஹார்ட்விக்குக்கு நேரில் போனால் ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். உள்ளே நல்ல மங்கல். வெயில் பட்டால் 400 ஆண்டுப் பழைய நூலின் சாயம் வெளுத்துவிடும், இழையும் இற்றுவிடும். அதனால் அந்த மாபெரும் ஜன்னல்களுக்குத் திரை இறக்கி வைத்திருக்கிறார்கள். கேலரிக்குள் நுழைந்ததும் எதுவும் சரியாகத் தெரியாது. சில நிமிடம் அப்படியே நில்லுங்கள். கண் பழகப் பழகச் சுவரில் இருந்து ஒரு முகம், ஒரு கை, ஒரு கலைமானின் கொம்பு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.